அலுமினியத்துக்கு முளைத்த தாடி

நான் வளைகுடா நாடொன்றில் எரிவாயு ஆலையில் வேலை செய்தவன் என்பதை ஊரில் பாதிப்பேர்தான் நம்பினார்கள். நம்பியவர்களும் பிழையாகவே நம்பினார்கள். 'பெற்றோல் கொம்பனியிலை பெரிய உத்தியோகம்' என்பதுதான் வட்டுக்கோட்டைப் பக்கம் என்னைப் பற்றி உலவிய கதை. நான் அதை மறுக்கவில்லை. கல்யாணம் பேசுகிற வயதில் எந்த மடையன் அப்படியொரு கதையை மறுப்பான்?

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் பார்த்த வேலையும், வாடகை அறையும், ஒரு சோடி நல்ல சப்பாத்தும் போன பிறகு, கிடைத்த முதல் ஏஜென்சியைப் பிடித்து பாலைவனத்துக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தது ஒரு இரும்புத் தாங்கியைக் காவல் காக்கிற வேலை. ஓடிப்போகக்கூடிய தாங்கியல்ல. இரண்டு மாடி உயரம். அதற்குள் கரி.

நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற வாயுவோடு பாதரசமும் கலந்து வரும். ஆவியாக வரும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அந்த வாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்குகிற இயந்திரத்தின் குழாய்கள் அலுமினியம். பாதரசத்துக்கு அலுமினியத்தின் மேல் அப்படியொரு ஆசை. பிடித்தால் தின்று முடிக்காமல் விடாது. ஆகவே வழியிலேயே மறித்துப் பிடிக்க வேண்டும். தாங்கிக்குள் கிடந்தது கெந்தகம் ஊட்டிய கரி. வாயு அதற்குள்ளால் போகும்போது பாதரசம் கெந்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். வாயு தனியாக, குளித்து முழுகின மாதிரி, மறுபக்கத்தால் வெளியே வரும்.

எங்களுக்குப் பாடம் நடத்திய அறையின் சுவரில் ஒரு படம் தொங்கியது. வேறெங்கோ ஓர் ஆலையில் பாதரசம் தொட்ட அலுமினியக் குழாய். அதிலிருந்து வெள்ளை வெளேரென்று தாடி முளைத்திருந்தது. பொய்யில்லை, தாடியேதான். காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் உலோகம் பஞ்சுபோலப் பொங்கி மயிர் மயிராய் வளருமாம். "இந்தத் தாடி எங்கள் ஆலையில் முளைத்தால் முதலில் போவது உங்கள் வேலை" என்றான் பாடம் நடத்தியவன். எனக்கு அன்றைக்கு மீசையே ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. குழாயைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

பழைய கரியை வெளியே அள்ளிப் புதிதைப் போடும் காலம் வந்தால், தாங்கிக்குள் இறங்குகிறவர்கள் நானும் எங்கள் பக்கத்து நாடுகளின் ஆட்களும்தான். முகமூடி தருவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு போத்தல் தருவார்கள், சிறுநீர் பிடிக்க. பிடித்துக் கொடுப்போம். அது எங்கேயோ போகும். ஒருமுறை மேலதிகாரியிடம், "என்ரை சோதனை முடிவு என்ன?" என்ற கேள்வியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பணிவாக ஆக்கிக் கேட்டேன். "கவலைப்படாதே, ஆலைக்கு ஒன்றுமில்லை" என்றான். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தேநீர்க் கோப்பை என் கையில் தாளம் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் போடுகிறது. சபையில் யாராவது பாடினால் என் கையில் கோப்பையைத் தந்துவிடுவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தேன். வந்த கையோடு சண்டை தொடங்கிப் பாதை மூடியது. விடுமுறை முடிந்தது, விசா முடிந்தது, வேலையும் முடிந்தது. ஏழு வருடம் எரிவாயுவுக்குள் குளித்தவன், ஒரு சொட்டுப் பெற்றோலுக்கு ஊரெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிற இடத்தில் வந்து அகப்பட்டேன்.

அண்ணை வெங்காயத் தோட்டக்காரர். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை; இருந்தது நான்கு பரப்புச் செம்மண் நிலமும் ஒரு கிணறும், மண்ணெண்ணெயில் ஓடும் ஓர் இறைப்பு மிசினும். மிசினுக்கு அண்ணை கொடுத்த மரியாதையில் பாதி எனக்குத் தந்திருந்தால் நான் நல்ல மனிதனாக வந்திருப்பேன். அதை எழுப்ப மட்டும் பெற்றோல் வேண்டும். அந்தப் பெற்றோலை வாசனை முடிந்த ஒரு சென்ற் போத்தலில் பூட்டி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். காலையில் அதை எடுத்து, கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி மிசினின் காபரேற்றருக்குள் இரண்டு துளி விட்டு, கயிற்றை இழுப்பார். மிசின் இருமித் துப்பி எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெயில் ஓடுகிற காபரேற்றரில் பிசின் பிடிக்கும். ஆகவே ஒன்றைவிட்டொரு நாள் அதைக் கழற்றி, அதன் அலுமினியக் கிண்ணத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்ப்பார். முகம் பார்க்கலாம். நான் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்திருக்கிறேன்.

அந்த நாட்களில் மண்ணெண்ணெய் நேர்மையாக வந்ததில்லை. கடலால் வந்தால் கடல் தண்ணீர் கலந்திருக்கும். கையால் வந்தால் கைக்குத் தக்கபடி கலந்திருக்கும். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்: வாங்கியதை அசையாமல் வைத்திருப்பது, அடியில் இறங்கிய தண்ணீரை ஊற்றிவிடுவது, மேலே தெளிந்ததை விளக்குக்கு எடுப்பது, நடுவே மிஞ்சுகிற மண்டியைப் பழைய வேட்டியால் வடித்து மிசினுக்கு விடுவது. 'மேல் விளக்குக்கு, மண்டி மிசினுக்கு.' ஒரு சொட்டும் வீணாகாது. வேதம் தெரியாதவர்களுக்கும் இது தெரியும்.

இந்த வழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

அந்த வருடம் ஐப்பசியில், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒரே பகலில் வெளியேறச் சொன்னார்கள். அப்போது ஊரை ஆண்ட இயக்கம் எதுவென்று இங்கே எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உடுத்த உடுப்போடு போனார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். 'பாவம்' என்றோம். அந்தச் சொல்லுக்கு அன்று யாழ்ப்பாணத்தில் தட்டுப்பாடு இருக்கவில்லை. பிறகு அவர்களுடைய வீடுகளிலும் கடைகளிலும் கிடந்த சாமான்கள் விலைக்கு வந்தன.

ஐந்துசந்திப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணரை எங்களுக்குத் தெரியும்; அவர்களின் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணையின் மிசினுக்குப் பைப்பும் போல்ற்றும் எல்லாம் அவரிடம்தான். வெற்றிலை போட்ட வாயோடு, "தம்பி, என்ரை கடையிலை இல்லாதது ரெண்டுதான். ஒண்டு கப்பல், மற்றது கடன்" என்பார். பொற்கொல்லர்களுக்குப் பாதரசம் விற்பவரும் அவர்தான். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அண்ணை ஒரு தகரப் பரல் மண்ணெண்ணெயோடு வண்டியில் வந்தார். முழுப் பரல் அல்ல, கால்வாசி. அவருடைய முகத்தில் முழுப் பரல் இருந்தது.

"எங்காலை அண்ணை?"

"ஏலத்திலை. காக்கான்ரை கடைப் பின்வளவிலை கிடந்ததாம்."

அண்ணி வாசலில் நின்றார். "இஞ்சாருங்கோ, அந்த மனிசன்ரை பொருளே?"

"நான் எடுக்காட்டி வேறை ஆரும் எடுப்பான். வெங்காயம் வாடினால் அந்த மனிசன் வந்து தண்ணி ஊத்துவாரோ?"

அண்ணி வாசலை விட்டு விலகினார். நான் பரலுக்குக் கை கொடுக்கப் போனேன். எனக்கும் வெங்காயச் சம்பல் பிடிக்கும்.

பரலை வண்டியிலிருந்து இறக்கும்போது கை நழுவி அது வாசல் படலையடியில் தொம்மென்று விழுந்தது. உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கிடக்கிற பரலுக்குள் என்ன உடையும்? என் கைதான் ஆடியது என்று அண்ணை சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். பிறகு அதைப் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனோம். உள்ளே இருந்ததை நன்றாகக் கலக்கி வைத்த புண்ணியம் எங்களுக்கே.

பெற்றோலிய நிபுணன் என்ற மதிப்பில், குழாயை வாயில் வைத்து இழுக்கிற வேலை எனக்கு விழுந்தது. முதல் இழுவையில் ஒரு வாய் குடித்தேன். இரண்டாவதில் போத்தலுக்குள் விழுந்தது. போத்தலின் அடியில் வெள்ளி மணிகள் சில உருண்டோடி, ஒன்றையொன்று தேடிப்பிடித்து, ஒரே மணியாகி நின்றன. அதன் மேலே மண்ணெண்ணெய் சாம்பல் நிறமாய்க் கலங்கியிருந்தது.

"டேய், வெள்ளியடா!" என்றார் அண்ணை.

"வெள்ளி ஓடாது அண்ணை. உது பாதரசம்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"ஏழு வருசம் உதோடைதானே குடும்பம் நடத்தினனான்."

கடல் கடந்து, வேலை கடந்து, போர் கடந்து, என்னுடைய பழைய எசமான் வீடு தேடி வந்து போத்தலுக்குள் குந்தியிருந்தான்.

அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. "தம்பி, உது நஞ்சோ?"

"மணியாய் விழுங்கினால் அனேகமாய் அப்பிடியே வெளியிலை போகும் அண்ணி. ஆவியாய் மூச்சிலை போனால்தான் வில்லங்கம்."

"அப்ப விளக்கிலை எரிச்சால்?"

"அதுதான் ஆவி."

"ரெண்டு பேரும் விசர்க்கதை கதையாதேங்கோ," என்றார் அண்ணை. "சித்த வைத்தியம் செய்யிற பரியாரியார் பாதரசத்தைக் குளிசையாய் உருட்டிக் குடுக்கிறார். சனம் திண்டிட்டு நடந்து திரியுது."

"அவர் கெந்தகத்தாலை கட்டிப்போட்டுக் குடுக்கிறார். இது அவிழ்ந்து திரியிறது. அதோடை இது உங்கடை மிசினையும் தின்னும். காபரேற்றர் அலுமினியம்."

"மிசினைத் தின்னுமோ? இது என்ன, கறையானே?"

படத்தில் பார்த்த தாடியைப் பற்றிச் சொன்னேன். அண்ணை என்னையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உனக்கு அங்கை வெயில் கூடத்தான்" என்றார்.

ஆனாலும் அண்ணிக்காக ஒத்துக்கொண்டார். விளக்குக்கு எடுக்கிறதையாவது நான் சுத்தப்படுத்தித் தரவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதலாவது பாதரச நீக்கல் ஆலை எங்கள் மாட்டுக் கொட்டிலில், அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்முட்டியில் தொடங்கியது இப்படித்தான். திறப்பு விழாவுக்கு மாடுகள் மட்டும் வந்திருந்தன.

சிரட்டைக் கரி வீட்டில் இருந்தது. கெந்தகத்துக்குப் பரியாரியாரிடம் போனேன். அந்த நாட்களில் கெந்தகம் கேட்கிறவன் வெடி செய்கிறவன் என்றுதான் எவருக்கும் படும்.

"என்னத்துக்கு?" என்றார் பரியாரியார்.

"சிரங்கு."

"எவ்வளவு வேணும்?"

நான் கைகளை விரித்துக் காட்டினேன்.

"அவ்வளவோ? எந்த இடத்திலை சிரங்கு?"

"உடம்பு முழுக்க ஐயா."

அவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பொட்டலத்தை எறிந்துதான் தந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு ஊரில் எவரும் எனக்குக் கை தரவில்லை.

கரியை இடித்து, கெந்தகத்தை உருக்கி ஊட்டி, முட்டியில் நிரப்பி, பரலின் மேலிருந்து தெளிந்த மண்ணெண்ணெயை ஊற்றினேன். சொட்டுச் சொட்டாகக் கீழே வந்தது. அண்ணி அதை விளக்கில் விட்டுக் கொளுத்தினார். பாதரசம் போயிருக்கலாம். ஆனால் வீடு முழுக்க வாணம் விட்ட நாற்றம்.

"தம்பி, திருவிழா முடிஞ்சுதோ, இன்னும் கிடக்கோ?" என்று அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் கற்ற வித்தை வாயுவுக்கான வித்தை. வாயு கெந்தகத்தைக் கரைக்காது. மண்ணெண்ணெய் கரைக்கும். பாதரசத்தை உள்ளே விட்டுவிட்டுக் கெந்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏழு வருடச் சேவையில் நான் ஒரு திரவத்தையும் சுத்தப்படுத்தியதில்லை, என் தொண்டையை நனைத்ததைத் தவிர.

எரிந்துபோன மோட்டர் ஒன்றின் செப்புக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டி, இரண்டாவது முட்டியில் அடைத்தேன். செம்பு கெந்தகத்தையும் பிடிக்கும், தப்பி வருகிற பாதரசத்தையும் பிடிக்கும். முதல் நாள் கம்பி கரிக்கட்டையாய்க் கறுத்தது. மாற்றினேன். மறுபடி கறுத்தது. மாற்றினேன். கடைசியில் வந்த மண்ணெண்ணெய்க்குள் புளி போட்டு மினுக்கிய செப்புச் சதக்காசு ஒன்றைப் போட்டு வைத்து, விடிய எடுத்துப் பார்த்தேன். சதம் கறுக்கவுமில்லை, வெள்ளி பூசவுமில்லை. போட்ட நிறத்திலேயே கிடந்தது. அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி அதை விளக்கு மாடத்தில் வைத்தார். எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான்.

பரலின் அடியில் மிஞ்சியது மண்டி. கண்ணாடித் துண்டுகள், சாம்பல் நிறச் சேறு, அதற்குள் கோடி கோடியாய்ப் பொடிந்த பாதரசம். ஒரு பெரிய போத்தல் உள்ளே உடைந்திருக்கிறது என்பது அப்போது விளங்கியது.

"அண்ணை, இதைத் தொடாதேங்கோ. கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ளை தாட்டு விடுறன்."

"மண்ணெண்ணெயையோ தாட்டு வைக்கிறது? பிணத்தைத்தானடா தாட்டு வைக்கிறது."

"சொல்லுறதைக் கேளுங்கோ. மிசினுக்கு விட்டிடாதேங்கோ."

"சரி சரி, போ."

வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் பிறகு கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் பிரயோசனமில்லை. அண்ணை பாத்திகளுக்கு நடுவே போய் நின்று, தாள்களின் நுனியைப் பார்த்துப் பார்த்து வருவார். நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நான் சுத்தப்படுத்தித் தந்தது விளக்குக்குக் காணும், மிசினுக்குக் காணாது. ஒருநாள் விடிய, கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு நான் வரிசைக்குப் போனேன். மத்தியானம் வெறும் போத்தலோடு திரும்பி வரும்போது, வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் மிசின் சத்தம் கேட்டது.

ஓடிப்போனேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அண்ணை மடித்துக் கட்டிய சாரத்தோடு, முழங்கால் வரை ஈரத்தோடு, சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான்காய் மடித்த பழைய வேட்டி, அதில் சாம்பல் நிறக் கறை.

"பாத்தியே? ஓடுது! நாலா மடிச்சு வடிச்சனான். உன்ரை பெரிய கொம்பனிக்கு வேட்டி கட்டத் தெரிஞ்சிருந்தால் எவ்வளவு காசு மிச்சம்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பகிடி நல்ல பகிடி. மிசினும் நன்றாகத்தான் ஓடியது. நான் பிழையாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நேர்ந்திருக்கிறேன் என்றால், அந்த மத்தியானம்தான்.

அடுத்த நாள் காலையில் அண்ணி கூப்பிட்ட குரல் இன்னமும் காதில் கிடக்கிறது. "தம்பி, ஒருக்கால் ஓடிவாங்கோ. இவர் கதைக்கிறாரில்லை."

அண்ணை கிணற்றடியில் குந்தியிருந்தார். தேய்ப்பதற்காகக் கழற்றிய காபரேற்றர் கிண்ணம் சாக்கின் மேல் கிடந்தது. அதற்குத் தாடி முளைத்திருந்தது. படத்தில் பார்த்த அதே தாடி, வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு. அண்ணை பளபளவென்று தேய்த்து வைத்த இடம் எதுவோ, அங்கேதான் அடர்த்தியாக முளைத்திருந்தது. தேய்க்காத அழுக்கு மூலையில் ஒன்றுமில்லை. நான் விரலால் தட்டினேன். தாடி தூளாய் உதிர்ந்தது. அதற்குக் கீழே ஓட்டை. ஓட்டைக்குள்ளால் சாக்கு தெரிந்தது.

"உனக்கு இது நடக்குமெண்டு தெரியும்," என்றார் அண்ணை.

"சொன்னனான்தானே அண்ணை."

"தெரிஞ்சவன் ஏன் மண்டியை அண்டைக்கே ஊத்தேல்லை? வரிசைக்கு ஏன் போனனி?"

"நீங்கள் தாட்டு வைக்க விடேல்லை."

"நான் விடமாட்டனெண்டும் உனக்குத் தெரியும்!"

நான் கிண்ணத்தைச் சாக்கோடு சுருட்டி எடுத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எதற்கும் உதவாத பொருள் ஒன்று இருந்ததென்றால், அது சரியாகச் சொன்னவன்.

புதிய காபரேற்றர் யாழ்ப்பாணத்தில் எங்கும் இல்லை. அந்தப் பழைய இரும்புக் கடையில் இருந்திருக்கும். அண்ணை அந்தக் கடை இருந்த பக்கமே போகவில்லை.

கிணற்று ஏற்றத்தில் துலா மிதித்து இறைக்கலாம் என்றால், அந்தத் துலா மரத்தை அறுத்துப் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்டிருந்தோம். குண்டுக்குத் தப்பலாம், வெங்காயத்துக்குத் தண்ணி விட ஏலாது. வாளியும் கயிறுமாக மூன்று பேரும் அள்ளினோம். அண்ணையின் உள்ளங்கை உரிந்தது. அண்ணி அவருடைய தலைப்பாகையைக் கிழித்துக் கட்டிவிட்டார். நான் அள்ளிய வாளியில் பாதி என் கை ஆட்டத்தில் கிணற்றுக்கே திரும்பிப் போனது. கிணற்றுக்கு என்னால் ஒரு குறையும் வரவில்லை.

பாத்தியைக் கிண்டியபோது வெங்காயம் சுண்டங்காய் அளவில் இருந்தது. "உரிச்சால் உள்ளுக்கை ஒண்டும் மிஞ்சாது," என்றார் அண்ணி. விதைவெங்காயத்துக்கும் தேறவில்லை. அடுத்த போகம் நிலம் சும்மா கிடந்தது. அண்ணை காலையில் எழும்பி, பழக்கத்தில் சாமிப் படத்துக்குப் பின்னால் கை விட்டு அந்தச் சென்ற் போத்தலை எடுப்பார். பார்ப்பார். திருப்பி வைப்பார்.

அதற்கடுத்த ஆண்டு, கிளாலியால் கடல் கடந்து, வவுனியா போய், கொழும்புக்குப் போனேன். வளைகுடாவுக்குத் திரும்பப் போக வழி பார்க்கத்தான் பயணம் என்று ஊருக்குச் சொன்னேன். "காபரேற்றர் ஒண்டு கிடைச்சால் பார்" என்று மட்டும் அண்ணை சொன்னார். மிசின் பழுதாகிய பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

ஏஜென்சிக்காரன் கோப்பை பிடித்த என் கையைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றான். நான் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனேன். நாலாவது கடையின் பின்பக்கத்தில், பழைய இரும்புக் குவியலில் குந்தியிருந்து போல்ற் பிரித்துக்கொண்டிருந்தவரின் வாயில் வெற்றிலை இல்லை. அதனால் மட்டுமட்டாகத்தான் அடையாளம் பிடித்தேன்.

"காக்கா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தது. "வட்டுக்கோட்டை மிசின்காரற்றை தம்பி! அண்ணை சுகமே?"

"ஓம் காக்கா. நீங்கள்?"

"நானென்ன? புத்தளத்திலை ஓலைக் கொட்டில். பிள்ளையள் அங்கை. நான் இஞ்சை ஆரோ ஒருத்தற்றை கடையிலை சம்பளத்துக்கு." சிரித்தார். "இப்ப என்னட்டை இல்லாதது மூண்டு. கப்பல், கடன், கடை."

என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். ஏன், அந்த மிசினுக்கு என்ன நடந்தது, நல்ல மிசினாச்சே என்றார். பாதரசம் என்று நான் தொடங்கியதுமே அவருடைய கை போல்ற்றுகளுக்குள் நின்றுவிட்டது.

"பின்வளவுப் பரலோ?"

"ஓம்."

"ஆர் எடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். ஏலத்தைப் பற்றி ஒரு பகிடி நாக்கில் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. "அண்ணை," என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தப் போத்தலை ஆமி, இயக்கம் ரெண்டு பக்கத்தானுக்கும் ஒளிச்சு அதுக்குள்ளை கட்டித் தொங்க விட்டனான். பிடிச்சால் வெடி செய்யவெண்டு சொல்லுவாங்கள். போகச் சொன்னவங்களிட்டை, அந்தப் பரல் கவனம், அதுக்குள்ளை போத்தல் கிடக்கெண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். 'கதையாமல் நட' எண்டாங்கள். பிறகும் வழியெல்லாம் நினைச்சன். ஆரேன் தெரியாமல் விளக்கிலை ஊத்திப்போடுவாங்களே, வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்குங்களே எண்டு." போல்ற்றுகளைக் கீழே போட்டுவிட்டு, "விளக்கிலை எரிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லைக் காக்கா. சுத்தப்படுத்தித்தான் எரிச்சனாங்கள்."

"அல்ஹம்துலில்லாஹ்."

எழும்பிப் போய், குவியலுக்குள் தேடி, பழைய காபரேற்றர் ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தார். காசை நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார். "என்ரை போத்தல் செய்த வேலை. முதலாளிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். அண்ணையிட்டைக் குடு."

தன்னுடைய பொருளை விலைக்கு வாங்கியவனுக்கு, அந்தப் பொருள் செய்த நட்டத்துக்கு, ஊரை விட்டு விரட்டப்பட்டவர் ஈடு தருகிறார். நான் வாங்கிக்கொண்டேன்.

வவுனியாவில், வடக்குக்குத் தடைசெய்த சாமான் கிடக்கிறதா என்று இராணுவம் பயணப்பொதியைக் கொட்டிப் பார்த்தது. காபரேற்றரைக் கோதுமை மா அடைத்த தகர ரின்னுக்குள் புதைத்திருந்தேன். சிப்பாய் கையை விட்டு, வெள்ளை வெளேரென்று மாவு பூசியபடி அதை வெளியே எடுத்தான். முழுக்க வெள்ளைத் தாடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டு முதுகில் ஒன்று போட்டான். பற்றரி, சவர்க்காரம், தீப்பெட்டி என்று குவிந்து கிடந்த இடத்தில் அதையும் எறிந்தான். அந்தக் குவியலில் ஏற்கெனவே வேறு காபரேற்றர்கள் கிடந்தன. எத்தனை அண்ணைமார் கிணற்றடியில் குந்தியிருந்தார்களோ.

வீட்டுக்குப் போனபோது அண்ணை படலையில் நின்றார். என் கையைப் பார்த்தார். வெறும் கை, ஆடிக்கொண்டிருந்தது.

"கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது. பறிச்சுப்போட்டாங்கள்."

"எங்கை வாங்கினனி?"

"காக்காவிட்டை. காசு வாங்கேல்லை. தன்ரை போத்தல் செய்த வேலையாம்."

அண்ணை கிணற்றடிக்குப் போனார். வெறும் பரல் இன்னமும் அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். துருவைக் கையால் தடவிவிட்டார்.

"இதைத் திருப்பிக் குடுக்க வேணும்," என்றார்.

"ஆரிட்டை அண்ணை?"

அவர் பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நகரத்துப் பக்கம், காக்காவின் கடை இருந்த தெருவில், கூரையும் கதவும் கழற்றப்பட்ட வீடுகள் வரிசையாக நின்றன. அண்ணைக்கும் அது தெரியும்.

"கழுவியாவது வைப்பம்," என்றார். அண்ணி வாளியைக் கொண்டுவந்தார். நான் தண்ணீர் அள்ளத் தொடங்கினேன். பாதி கிணற்றுக்கே திரும்பிப் போனது.